மாத்திரையை விடாமல் போட்ட சீன ஊசி

இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். அதிகம் படிக்காதவன் வைத்தியத்தைப் பற்றி எழுதலாமா என்று கூச்சம். ஒரு வார்த்தை தப்பாக விழுந்து யாருக்காவது கெடுதல் வந்தால் முருகன் மன்னிப்பானா என்ற பயம் வேறு.

1991-இல் குன்றத்தூரில் குடியிருந்தோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு ஷிப்டு வேலை. என் மனைவிக்கு முடக்குவாதம். காலையில் விரல் வீங்கி மடங்காது, முட்டியை நீட்ட முடியாது. சேலைக் கொசுவத்தை நான்தான் மடித்துக் கொடுப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையில் பாதி வலி அடங்கியது. மீதிக்கு, பூந்தமல்லியில் சீன ஊசி வைத்தியம் செய்யும் டாக்டரிடம் போனோம். இங்கிலீஷ் வைத்தியமும் படித்தவர். முடி போன்ற ஊசிகளை மணிக்கட்டிலும் முட்டியைச் சுற்றியும் குத்தி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைப்பார். மருந்து எதுவும் ஏற்றுவதில்லை.

ஒரு உடம்பில் இரண்டு வைத்தியம் ஆகாது, ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்றாள் என் அக்கா. நாட்டு மருந்துக்குப் பத்தியம் இருந்து பழகிய குடும்பம். எங்களுக்கும் நியாயமாகப் பட்டது. மாத்திரையை நிறுத்தினோம். கொஞ்ச நாளிலேயே அவளால் பாயை விட்டு எழ முடியவில்லை.

ஆட்டோவில் தூக்கி வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்ட டாக்டர் ஊசிப் பெட்டியை மூடிவிட்டார்.

"வீக்கத்தை அடக்குறது மாத்திரைம்மா. என் ஊசி வலியைக் கொறைக்கும், அவ்ளோதான். அத்த வுட்டுட்டு வந்தா நான் ஊசி போட மாட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரியிலும் ஒளிக்காமல் சொன்னோம். அந்த டாக்டர் நன்றாகத் திட்டினார். பிறகு மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, ஊசியும் போட்டுக்கொள்ளலாம், ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் வரவேண்டும் என்றார். தினமும் விளக்கேற்றி முருகனை வேண்டினேன். இரண்டு வைத்தியமும் சேர்ந்து நடக்க, வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது.

ஒரு கிருத்திகையன்று மலைக்கோயில் படியில் அவள் எனக்கு முன்னால் ஏறினாள். பாதியில் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மூச்சு வாங்குதா? ஒங்களுக்கும் ரெண்டு ஊசி போடச் சொல்லட்டா?"

பக்கத்தில் ஏறியவர்கள் சிரித்துவிட்டார்கள். சந்நிதியில் அவளுடைய உள்ளங்கை இரண்டும் இடைவெளி இல்லாமல் சேர்ந்து கும்பிட்டன. தீபாராதனை நேரத்தில் நான் சாமியைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்தேன். முருகா, ஜெயித்துவிட்டோம்.

மாத்திரை குறைந்ததே தவிர, நிற்கவில்லை. ஆனால் என் அக்கா இப்போது, "சீன ஊசிலயே சரியாப் பூடுச்சு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதைக் கேட்டு ஒருவர் மாத்திரையைத் தூக்கி எறிந்தால்? அதனால்தான் எழுதிவிட்டேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் ஊசியை மட்டுமோ, மாத்திரையை மட்டுமோ, இரண்டையும் விட்டுவிட்டு முருகனை மட்டுமோ சொல்லாதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.