சந்தா அக்காவின் பச்சைப் புள்ளிகள்

"பல் டாக்டர் வந்தாச்சு. கண்ணாடிக்கடை வந்தாச்சு. சலூன்காரர் இன்னும் போர்வைக்குள்ளதான்."

ஒரு கையில் சீப்பு, மறு கையில் மௌஸ். திரையில் சாம்பல் நிறத்தில் கிடக்கும் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும்போது சந்தா அக்கா அதை விரலால் ஒரு தட்டு தட்டி வரவேற்கிறார். எந்தக் கடை திறந்தது, எது திறக்கவில்லை என்பது கடைக்காரர்களின் மனைவிமாருக்குத் தெரிவதற்கு முன்பே அக்காவுக்குத் தெரியும். பக்கத்தில் தேநீர், அதன்மேல் ஒரு தட்டு மூடியிருக்கும். டயர்க்கடையின் புள்ளி பச்சையாகும்வரை அதைத் தொடமாட்டார். டயர்க்கடை அண்ணன்தான் முதல் வாடிக்கையாளர். அவர் வந்தால்தான் அக்காவுக்குப் பொழுது விடிந்த மாதிரி.

கடைக்கு யார் எந்த நேரத்துக்கு வருகிறார்கள் என்று பதிந்துவைக்கும் மென்பொருள்தான் அக்காவின் சரக்கு. விற்கிறீர்களா என்று கேட்டால் மூக்கின்மேல் கோபம் வரும். "விக்கிறது இல்லப்பா, வாடகைக்கு விடுறது." மென்பொருள் இருப்பது அக்காவின் பொறுப்பில் ஓடும் ஒரே இயந்திரத்தில். கடைகளெல்லாம் இணையம் வழியாக அதற்குள் வந்து வேலையை முடித்துக்கொண்டு போகின்றன, மாதாமாதம் சந்தா கட்டுகின்றன. பட்டப்பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அதையே குறுந்தகட்டில் ஏற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு விற்றார். கணவர் ஸ்கூட்டரில் கடை கடையாகப் போய்ப் பொருத்திக் கொடுப்பார். ஒரு கடையில் பழசு, ஒரு கடையில் புதுசு, இன்னொன்றில் பக்கத்துக் கடையிலிருந்து சுட்டது. ஒரு சின்னப் பிழையைத் திருத்த ஊரையே சுற்றவேண்டும். தொப்பலாக நனைந்து வந்து நின்ற மனிதரைத் துவட்டிவிட்டுக்கொண்டே அக்கா ஒருநாள் கேட்டார்: "நாம எதுக்குங்க நாயா அலையணும்? அவங்க வரட்டுமே நம்ம மெஷினுக்கு."

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று யாராவது மெச்சிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "என்ன பெரிய புதுசு? கம்ப்யூட்டர் ரூம் சைஸ்ல இருந்த காலத்துலயே ஒரே மெஷினுக்குப் பல பேர் லைன் போட்டு, வாடகை குடுத்து வேலை பாத்தாங்க. நடுவுல எல்லாருக்கும் தனக்குன்னு ஒண்ணு வேணும்னு ஆசை வந்துச்சு. வாங்கினாங்க, கட்டிக் காப்பாத்த முடியல. திரும்பவும் வாடகைக்கே வந்தாச்சு."

தொல்லை இல்லாமலும் இல்லை. "அப்ப வித்தா வித்ததுதான், கல்யாணம் பண்ணிக் குடுத்த மாதிரி. இப்ப மாசா மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க." பிடிக்காதவர் 'விலகுகிறேன்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இந்த வாரம் முழுக்க டயர்க்கடைப் புள்ளி சாம்பலாகவே கிடந்தது. "ஒரு பெரிய கம்பெனிக்காரன் ஓசியில தர்றான்மா, பாத்துட்டு சொல்றேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனதுதான். அவர் போனால், அவர் சொல்லிச் சேர்ந்த அந்தத் தெருவே பின்னால் போய்விடும். தேநீர் தினமும் ஆறிப்போய்த் தொட்டிக்குள் போனது. இன்று வீட்டில் பாலும் தீர்ந்து, வெறும் கட்டன் தேநீர்தான் தட்டுக்குக் கீழே.

மனசை வேறு பக்கம் திருப்பலாம் என்று புது வசதி ஒன்றைச் சோதிக்க உட்கார்ந்தார். கடைகளின் திரைக்கும் கடைக்காரரின் கைபேசிக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பு அனுப்பும் வசதி. சோதனைக்கென்று கணவர் பேரில் ஒரு பொய்க் கடை உண்டு. அதற்குத்தான் அடித்தார்: "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி மறந்துட்டு வந்து முழிச்சீங்கன்னா, வாசலோட திரும்பிடுங்க." அனுப்பிய பிறகுதான் கவனித்தார், மேலே 'எல்லாக் கடைகளும்' என்றே இருந்தது. குறுந்தகட்டுக் காலத்தில் தவறுகூட ஸ்கூட்டரில்தான் போகும், வழியில் மறித்துவிடலாம். இதை எங்கே போய் மறிப்பது?

பதில்கள் பொலபொலவென்று வந்து விழுந்தன. பல் டாக்டர்: "சரிம்மா. எத்தனை பாக்கெட்?" சலூன்காரர்: "நான் எப்பக்கா மறந்தேன்?" கண்ணாடிக்கடைக்காரர்: "கடையில பையன விட்டுட்டு வந்து வாசல்லதான் நிக்கிறேன், என் வீட்டு வாசல்ல. இவளும் அதையேதான் சொல்றா." ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்த அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். வெளியே கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டே பக்கத்து அறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "என்னமோ பால்னு ஒரே பேச்சா இருக்கே? எனக்கு ஒண்ணும் வரலையே." பொய்க் கடையை மட்டும் 'எல்லாக் கடைகளும்' கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார் அக்கா. சிரிப்பு பீறிட்டு, கண்ணில் நீர் வந்துவிட்டது. கையிலிருந்த சீப்பு எங்கோ விழுந்தது.

அந்தக் கண்ணீருக்கு நடுவில்தான் திரையின் மூலையில் அது பச்சையானது. டயர்க்கடை. கீழே எழுத்து ஒவ்வொரு வரியாக வந்தது.

"தங்கச்சி, அந்த ஓசிக் கம்பெனிய ஒரு வாரமா உருட்டிப் பாத்துட்டேன்."

"ஒரு சந்தேகம் கேட்டா மெஷின்தான் பதில் சொல்லுது. திட்றதுக்குக்கூட ஆள் இல்ல."

"நான் இங்கயே இருந்துக்கறேன். பாலை எங்க கொண்டாரணும்?"

அக்கா சிரிப்பதை நிறுத்தினார். விரலை நீட்டி அந்தப் புள்ளியைத் தட்டினார். பிறகு தட்டை எடுத்துவிட்டு, பாலில்லாமல் ஆறிப்போயிருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.