மைக் காஞ்சனாவின் இருமல்

பௌர்ணமி அன்று சாயங்காலம், அடி அண்ணாமலை அறிவிப்புப் பந்தலில் காஞ்சனா அக்கா மைக்கைப் பிடித்தார். "செங்கத்துலேர்ந்து வந்த அஞ்சு வயசுப் பாப்பா, பேரு..." என்று ஆரம்பித்தார். பேர் வரவில்லை, இருமல்தான் வந்தது. கிரிவலப் பாதை நெடுக ஸ்பீக்கரில் அந்த இருமல் கேட்டது. கடைசியில் ஒரு போலீஸ்காரர் மைக்கை வாங்கிப் பேரைச் சொன்னார்.

மாதம் முழுக்கத் தேங்காய், கற்பூரம் விற்கும் அக்காவுக்குப் பௌர்ணமி ஒரு நாள்தான் ராஜ்ஜியம். காணாமல் போனவரை அவர் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஆள் வந்து நிற்கும். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே!

நான் அப்போது அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். இரண்டு நாள் கழித்து அக்கா என் கவுன்ட்டருக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த பௌர்ணமிக்கு வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன் மேடம். இந்த ஊரு தூசு எனக்கு ஒத்துக்கல. கடைய வித்துட்டு வேலூர்ல பொண்ணு ஊட்டோட போயிடலாம்னு இருக்கேன்."

எழுத வெட்கமாக இருக்கிறது. எட்டு மாதமாக அவருக்கு வறட்டு இருமல். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் சுத்தம். நானும் பாட்டில் பாட்டிலாக சிரப் கொடுத்து, வெந்நீர் குடிங்க என்று இலவச உபதேசமும் செய்தேன். மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொடுத்ததும் இதே கைதான்.

"வேலூர் போனா மட்டும் நின்னுடுமா?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"நடுவுல பொண்ணு பிரசவத்துக்குப் போயி ரெண்டு மாசம் இருந்தேனே. போகப் போக இருமலே இல்ல. இங்க வந்து கொஞ்ச நாள்லயே புடிச்சுக்கிச்சு, முன்னைக்கு ஜாஸ்தியாவே."

"அங்க பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

அக்கா சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "திட்டக் கூடாது மேடம். மாத்திரைப் பைய இங்கயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன். வந்தப்புறம் ஒழுங்கா போடறேன்."

திட்டியிருக்க வேண்டும், மறந்தே போனேன். அவர் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை எனலாப்ரில். சிலருக்கு அது வறட்டு இருமலைக் கொடுக்கும். டிப்ளமோ பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கிய பதில்!

விஷயத்தைச் சொன்னதும் அக்கா குதித்தார். "அப்போ இன்னிக்கே நிறுத்திடறேன்!"

"நிறுத்தினா பிரஷர் ஏறிக்கும். மாத்தறது டாக்டர் வேலை, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். வரிசையில் ஒருவர், "நாங்கல்லாம் மனுஷங்க இல்லியா?" என்று கத்தினார். நியாயம்தான்.

டாக்டர் பிரஷர் பார்த்து, பழைய சீட்டுகளைப் புரட்டி, அதற்குப் பதிலாக லோசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரை எழுதினார். "இருமல் அடங்கச் சில வாரம் ஆகும்மா" என்றவர் என்னைப் பார்த்து, "ரெண்டு பேருமே கோட்டை விட்டுட்டோம் மேடம்" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்குப் பந்தலுக்கு எதிரே போய் நின்றேன். வேறு ஆள் வேண்டாம், தானே வருகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தார். அக்கா மைக்கை எடுத்து, ஆரணியிலிருந்து வந்து வழி தவறிய பெரியவரின் பேரை மூன்று முறை கூப்பிட்டார். பழைய வெண்கலக் குரல், ஒரு பிசிறு இல்லை. சுற்றி யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கைதட்டினேன். அவ்வளவு சந்தோஷம்!

என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சுகர், பிரஷர்னு மாத்திரை போடறவங்க கவனிங்க! எந்தத் தொந்தரவுனாலும் ஆஸ்பத்திரிக்குப் போம்போது ஊட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துனு போங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க!"

மறு வாரம் கவுன்ட்டரில் ஒரே மஞ்சப்பை மயம். ஒரே சுகர் மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு இடத்தில் வாங்கிச் சாப்பிட்டவர்கள் அதில் மூன்று பேர். எல்லாரையும் டாக்டரிடம் அனுப்பினேன். இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சிரப்பை நீட்டும் முன்னால் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக வந்த விவசாயி ஒருவர் பையைக் கவிழ்த்தார். நடுவில் என் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மாத்திரை.

"இது யாருக்குங்க?"

"மாட்டுக்கு மேடம், பூச்சி மாத்திரை. எல்லாத்தையும்னுதானே மைக்குல சொன்னாங்க?"

"மாட்டுக்கு இருமல் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் நிதானமாக யோசித்து, "இல்லீங்க மேடம்" என்றார்.

கேட்டுவிடுவது நல்லது.