வலையின் இரண்டு கொடிகள்

கொடி வரைவது என் தொழிலில்லை. அச்சகத்தில் கலியாணக் கார்டும் செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பும் வடிவமைப்பதுதான் தொழில். கொடி எனக்குப் பிடித்த பைத்தியம். இணையத்தில் ஒரு பொதுச் சேகரிப்பு இருக்கிறது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிற எங்களைப் போன்றவர்கள் கொடிகளை வரைந்து அதில் சேர்ப்போம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். புகைப்படம் கூடாது, வெக்டர் படமாக இருக்கவேண்டும். அதாவது புள்ளிகளால் ஆகாமல் கோடுகளின் அளவுகளால் ஆன படம். முத்திரை அளவுக்குச் சுருக்கினாலும் மதில் அளவுக்குப் பெருப்பித்தாலும் விளிம்பு உடையாது. ஆனால் ஒரு கோடு பிழைத்தால் அந்தப் பிழையும் மதில் அளவுக்குப் பெருக்கும். அதனால் அங்கே எல்லோரும் கொஞ்சம் சண்டைக்காரர்கள். பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு நாட்டின் கொடியில் பறக்கிற பறவையின் இறகு எந்த இடத்தில் வளைகிறது என்று நானும் முகம் தெரியாத ஒருவரும் கிழமைக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறோம். தோற்றது நான்தான். ஆனாலும் அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது.

அப்படி ஊர் உலகத்துக் கொடியெல்லாம் வரைந்துகொண்டிருந்தவளுக்கு, குருநகர்க் கடற்கரையில் மதிலோடு சாத்திவைத்திருந்த கொடிக்கம்புகள் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் பட்டன. இத்தனை வருஷமும் அவற்றைக் கடந்துதான் கோயிலுக்குப் போய்வந்தேன். கடலில் விட்ட வலை எங்கே கிடக்கிறது, யாருடையது என்று தெரிவதற்காக மிதப்பில் நிறுத்துகிற கம்புகள் அவை. ஒவ்வொரு கம்பிலும் ஒவ்வொரு சீலை. சிவப்பில் வெள்ளை ஒட்டு, பச்சை முக்கோணம், இடுப்பில் கட்டிக் கிழிந்த பழைய சாரத்தின் கட்டம். அடுத்தவன் வலையைத் தவறி இழுத்துவிடாமலிருக்கக் குடும்பத்துக்கு ஒரு கொடி. இதை ஒருவரும் வரையவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது.

முதலில் எங்கள் அப்பாவின் கொடியை வரைய நினைத்தேன். கறுப்புக் குடைச்சீலையில் ஒரு மஞ்சள் பட்டி. அந்த மஞ்சள், கோயில் பெருநாளுக்குத் தைத்த என் சட்டையிலிருந்து வெட்டியது. வளர்ந்துவிட்டாய், இனி உனக்குக் காணாது என்று அப்பா கேட்காமலே வெட்டிவிட்டார். அதற்காக நான் சாப்பிடாமல் கிடந்ததும் நினைவிருக்கிறது.

அப்பா இப்போது இல்லை. அவருக்குப் பிறகு அண்ணையும் தம்பியும் ஒரே படகில்தான் போனார்கள். பெரிய எஞ்சின் பூட்டுவதா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு வார்த்தை தடித்து, படகு வேறு, வலை வேறு என்று முடிந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. போன பெருநாளுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பந்தி வைத்தேன். தம்பி குடும்பம் சாப்பிட்டுப் படலை தாண்டிய பிறகுதான் அண்ணை வந்தார். நண்டுக் கறியை இரண்டாம் முறை சூடாக்கும்போது எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு பேருக்கும் அகப்பையால் ஒரு அடி போடவேண்டும் போலவும் இருந்தது. இந்தப் பெருநாளும் கிட்டிக்கொண்டிருந்தது.

மூத்தவர் என்பதால் முதலில் அண்ணையிடம் போனேன். அளவு நாடாவோடு போனவளைப் பார்த்துச் சிரித்தார். கொடியை விரித்துக் காட்டினார். மஞ்சள் பட்டி மேல் விளிம்பில் இருந்தது.

"ஏன் அண்ணை கறுப்பு?" என்று கேட்டேன்.

"விடியக் கடல் வெள்ளையாக் கிடக்கும் பிள்ளை. அதிலை கறுப்புத்தான் தூரத்திலை தெரியும். மஞ்சள் கிட்டப் போனாப் பிறகு."

எனக்கு ஆசை அடங்கவில்லை. பட்டி எத்தனையில் ஒரு பங்கு, தைத்த மடிப்பைக் கணக்கில் எடுப்பதா, உப்பு தின்று சாம்பலாகிப்போன கறுப்பைப் போடுவதா, கடையிலிருந்து வந்த நாளின் கறுப்பைப் போடுவதா என்று குடைந்தெடுத்தேன். மஞ்சளுக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. அந்தச் சட்டையின் நிறம் எனக்குத் தெரியும்.

சரிபார்க்க, கடற்கரையில் தம்பி வலை வைக்கிற கொட்டிலான வாடிக்கும் போனேன். அவனுடைய கொடியில் பட்டி கீழ் விளிம்பில் இருந்தது. கம்பில் தலைகீழாகக் கட்டியிருக்கிறானோ என்று பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

"உது அப்பாவின்ரை கொடியோ?"

"ஓம். அப்பா தன்ரை கையாலை கட்டினது."

"அண்ணையின்ரையிலை பட்டி மேலை இருக்கே?"

"அவரின்ரை கதை எனக்கு எதுக்கு?" என்று வலையைத் தைக்கத் திரும்பிவிட்டான்.

இருவரில் ஒருவருக்குப் பிழைத்திருக்கிறது என்று நினைத்தேன். நானோ கடலுக்குப் போனவளில்லை. அப்பா கரைக்கு வந்ததும் கொடியைச் சுருட்டிக் கம்போடு கட்டிவிடுவார்; அது விரிந்து பறந்து நான் பார்த்ததேயில்லை. மூத்தவர் அப்பாவோடு அதிக காலம் போனவர் என்று தீர்ப்புச் சொல்லி, பட்டி மேலே இருக்கும் கொடியை வரைந்து சேகரிப்பில் போட்டேன். அந்த இணைப்பைக் குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் பின்னேரம் தம்பி வந்தான். கதிரையை இழுத்துக் கொடுத்தும் உட்காரவில்லை. கைத்தொலைபேசியில் என் படத்தைத் திறந்து காட்டினான்.

"அப்ப நான் வைச்சிருக்கிறது அப்பாவின்ரை இல்லையோ அக்கா?"

குரல் உடைந்திருந்தது. நீதானே ஒன்றும் சொல்லவில்லை என்று சமாளித்தேன்.

"வலைக்கு ரெண்டு நுனி இருக்கு. ரெண்டு நுனியிலையும் கொடி நிக்கும். முதல் விட்ட நுனிக்குப் பட்டி மேலை, கடைசியா விட்ட நுனிக்குப் பட்டி கீழை. முதல் விட்ட நுனியிலையிருந்துதான் அப்பா வலை எடுப்பார். விடிஞ்சும் விடியாத இருட்டுக்குள்ளை போனாலும் எந்த நுனி எண்டு தெரியவேணும். அதுக்குத்தான்."

"பிறகு?"

"பிரிஞ்ச அண்டைக்கு வலையை நடுவாலை அறுத்தனாங்கள். அவரின்ரை பாதியோடை அந்தக் கொடி போச்சு, என்ரை பாதியோடை இது வந்திச்சு. மற்ற நுனிக்கு ஆளாளுக்குத் தன்ரையைப் போலை ஒண்டு தைச்சுக் கட்டினம்."

இருவரும் பொய் சொல்லவில்லை. நான் ஒரு கொடியைக் கேட்டேன், ஆளுக்கு ஒன்றைக் காட்டினார்கள். மற்றதைப் பற்றிச் சொல்ல மற்றவரைப் பற்றிச் சொல்லவேண்டும், அதற்கு இருவருக்கும் வாய் வரவில்லை. வலையையே அறுத்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா கண்ணிகண்ணியாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வலை அது. தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றே இரண்டாவது படத்தையும் போட்டேன். உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு வேலையே இல்லை. முதல் படத்தைப் பிரதியெடுத்துத் தலைகீழாக்கினேன். அவ்வளவுதான்.

சில நாளில் சேகரிப்பைக் கண்காணிக்கும் ஒருவர் மரியாதையாக ஒரு குறிப்பு வைத்திருந்தார். இரண்டும் ஒரே படம், ஒன்று மற்றதைத் திருப்பியது, ஆகவே ஒன்றை அழிக்கப்போகிறோம். ஆட்சேபனை இருந்தால் காரணம் எழுதவும். அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தக் குறிப்பை நான் முறைத்துக்கொண்டிருந்த காலையில்தான் அண்ணை மீனோடு வந்தார். பையை வாங்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், "என்ன பிள்ளை, உவங்கள் என்ன எழுதியிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னேன். ஒன்றை அழிக்கப்போகிறார்கள் என்றேன். எதை என்று கேட்டார். பிறகு போட்டதைத்தான் அழிப்பார்கள், பட்டி கீழே இருக்கிறதை என்றேன். அது யாருடைய கொடி என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பெருப்பிக்கச் சொன்னார். விளிம்பு உடையாமல் இரண்டு கொடிகளும் திரை முழுக்க நின்றன. மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"காரணம் எழுதலாம் எண்டெல்லோ சொன்னனி?"

"ஓம் அண்ணை."

"எழுது. நான் சொல்லுறன்."

விசைப்பலகையில் கை வைத்துக் காத்திருந்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்டில்லை எண்டு எழுது. அது தம்பியின்ரை. அதை அழிச்சால், வலைக்கு மற்ற நுனி இல்லை."