கிள்ளான் வரைக்கும் ஒரு பாடம்

கணக்காளர் தேர்வுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொன்னார்கள். நானும் மாலை ஏழு முதல் ஒன்பது வரை என்று வண்ண வண்ணமாக எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பாராட்டிவிட்டு, ஒன்பது மணி வரை உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். உண்மையில் நான் படித்ததெல்லாம் செரண்டாவிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வந்த ரயிலில்தான். அப்படியே இரண்டு தாள்களில் தேறினேன்.

பிறகு செரண்டாவிலேயே ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை கிடைத்தது. "இனிமே படிக்க நெறைய டைம் இருக்கும்லா," என்றார் என் கணவர். மிச்சமான நேரத்தை எல்லாம் வீடு தின்றது. அடுத்த தாளில் தோற்றேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் புத்தகத்தோடு ரயில் ஏறுகிறேன். அந்த ரயில் கோலாலம்பூரையும் தாண்டிக் கிள்ளான் வரை போகும்; நான் கோலாலம்பூரிலேயே இறங்கி, அடுத்த ரயிலிலேயே படித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். முதலில் சிரித்த கணவர்தான் இன்று மோட்டார்சைக்கிளில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார்.

"இன்னைக்கு என்ன பாடம்?"

"வருமான வரிங்க. ரொம்பப் பெரிசு."

"அப்போ கே.எல்.ல எறங்காத. கிள்ளான் வரைக்கும் போயிட்டு வா."