ஏலுமெண்டால் என்று கேட்டதன் பலன்

லண்டன் டூட்டிங்கில் எங்கள் தெருவுக்குப் பனி அள்ளும் லொறி இன்றிரவு வருகிறது. விடியும்வரை தெருவில் ஒருவரும் காரை நிறுத்தி வைக்கக்கூடாது என்று கவுன்சில் அறிவித்திருக்கிறது.

மாலைக்குள் எல்லாரும் தங்கள் கார்களை எடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரரின் கார் மட்டும் நின்றது. அது நின்றால் லொறி திரும்பிப் போய்விடும். நாளைக் காலை என் மனைவியை டயாலிசிஸுக்கு ஏற்ற வரும் அம்புலன்ஸ் உள்ளே வராது.

தயங்கித் தயங்கி அவர் கதவைத் தட்டினேன்.

“தம்பி, ஏலுமெண்டால் காரை ஒருக்கா எடுங்கோ.”

“ஓம் அண்ணை, பாப்பம்.”

கதவைச் சாத்திவிட்டார்.

என் வாசல்வரை வந்துவிட்டேன். கேட்டதே பிழையோ என்றுகூட நினைத்தேன். உள்ளே மனைவி இருமுவது கேட்டது. திரும்பிப் போய்த் தட்டினேன்.

“தம்பி, காரை எடுங்கோ.”

“இப்பவோ?”

“இப்பதான். எடுக்குமட்டும் நான் இஞ்சதான் நிக்கிறன்.”

இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“முதலே இப்பிடிச் சொல்லியிருக்கலாமே அண்ணை! ஏலுமெண்டால் எண்டியள். எனக்கு ஏலேல்லை.”

கார் போய்விட்டது. தெரு வெறுமையாகக் கிடக்கிறது.

இதை எழுதும்போது மழை தூறத் தொடங்கியிருக்கிறது. லொறி வருமுன் பனி தானாகவே கரைந்துவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? பக்கத்து ஊரான சட்டனில் இருக்கும் நண்பர்களே, உங்கள் பக்கமும் மழையா?