அப்பா அள்ளிய பனி

போன வாரம் குன்னூரில் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கழுத்தில் துணியைக் கட்டியாயிற்று, எழுந்து போக வழியில்லை. டிவியில் ஒருவர் அந்தக் காலத்து டைரக்டர் ஒருவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். புராணம் எடுத்தார், பேய்ப்படம் எடுத்தார், சிரிப்புப் படம் எடுத்தார், எல்லாமே ஓடியது என்றார். உண்மைதான். பிறகு அந்தக் காட்சியைப் போட்டார்கள். காஷ்மீர் பனிச்சரிவில் மகனைப் பறிகொடுத்த கிழவர் வெறும் கையால் பனியை அள்ளி அள்ளி வீசுகிறார். "இந்த ஒரு ஷாட் போதும், மேதை!" என்றார் டிவிக்காரர்.

கிழவராம்! அது என் அப்பா. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தலையில் வெள்ளை படிந்திருந்தது, அவ்வளவுதான். காஷ்மீரும் இல்லை, ஜெகதளாவில் எங்கள் வீட்டை ஒட்டிய தேயிலைச் சரிவு. பனியும் இல்லை. உப்பு. நீங்களும் அதைப் பார்த்து அழுதிருப்பீர்கள். உங்கள்மேல் தப்பில்லை.

கடைக்காரர் கழுத்தில் பவுடர் அடித்தார். அந்த வாசனைக்கு எனக்கு என் பழைய டாக்ஸிதான் ஞாபகம் வரும். அந்த டைரக்டர் மலையேறினால் என் வண்டிதான். பின்சீட்டு முழுக்க மேக்கப் பவுடர் மணக்கும். ஒரே புல்மேட்டை ஒரு படத்தில் கைலாசமாக்கினார், இன்னொன்றில் பேய்க்காடாக்கினார். எங்கள் ஊரை எங்கள் ஊராக மட்டும் எந்தப் படத்திலும் காட்டவில்லை. அப்போது அது உறைக்கவில்லை. "அடுத்த படத்துல உனக்கு ஒரு வேஷம் இருக்குப்பா" என்பார். கண்ணாடியைத் திருப்பி என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டிய முட்டாள் நான்.

காஷ்மீருக்கு ஒரு சரிவு வேண்டும் என்றார். நானே கூட்டிப்போய் எங்கள் சரிவைக் காட்டினேன். அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"ஏனுங்க, உப்பு வேருக்கு எறங்குச்சுன்னா செடி நிக்காதுங்களே?"

"செடி மேல தார்ப்பாய் விரிச்சு, அதுக்கு மேலதான் உப்பு. சாயங்காலம் அப்படியே சுருட்டி எடுத்துடுவோம்" என்றார் டைரக்டர்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் தார்ப்பாயை விரித்தார்கள். டைரக்டர் கேமராவில் கண்ணை வைத்தார். "மடிப்பு மடிப்பாத் தெரியுதே. இது காஷ்மீரா, கல்யாணப் பந்தலா? எடுத்துடு."

அப்பா பறித்த இலையைத் தேயிலை பேக்டரியில் போட்டுவரப் போயிருந்தார். ஆட்களோடு சேர்ந்து நானும் தார்ப்பாயை இழுத்துச் சுருட்டினேன். மறுத்தால் வேஷம் போய்விடுமே! மூட்டை மூட்டையாக உப்பைச் செடிமேலேயே கொட்டினார்கள்.

அப்பா திரும்பி வரும்போது மேற்கே கருத்திருந்தது.

"ஏன்டா, தார்ப்பாய் எங்கடா?"

முதல் தூறல் விழுந்தது. அவர் கூடையை வீசிவிட்டுச் சரிவுக்குள் பாய்ந்தார். செடிகளுக்கு அடியில் கையை விட்டு உப்பை அள்ளி அள்ளி வெளியே எறிந்தார்.

"சார், ஆளுங்கள விட்டு அள்ளிரலாங்க சார், மழை புடிச்சுக்கும்!" என்றேன்.

"ஒருத்தரும் உள்ள போகாதீங்க. கேமரா ஓடட்டும். அந்தாளு மூஞ்சியப் பாரு!"

நான் போயிருக்கலாம். யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை. கேமராவுக்குக் குறுக்கே போகக் கூடாதென்று நின்றேன். மழை வலுத்ததும் முதலில் கேமராவைத்தான் மூடினார்கள். செடிக்குக் கொண்டுவந்த அதே தார்ப்பாயால்.

இரண்டே மாதத்தில் இலை விளிம்பு கருகியது. வருடம் திரும்புவதற்குள் சரிவு முழுக்கச் சுள்ளி. படம் குன்னூருக்கு வந்தபோது அப்பா தனியாகப் போய்ப் பார்த்தார். தியேட்டரே அழுததாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒருத்தனுக்கும் அது உப்புன்னு தெரியலடா."

என்னை அவர் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். வேஷமும் வரவில்லை.

இப்போது அப்பா இல்லை, அந்தத் தியேட்டரும் இல்லை. சரிவில் யாரோ காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். அந்தத் தேயிலை நின்றதற்கு எங்களிடம் ஒரு போட்டோகூடக் கிடையாது. மிச்சம் அந்த ஷாட் மட்டும்தான். கழுத்தில் துணியோடு டிவியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அப்பா நன்றாகத் தெரிந்தார். அவர் கைக்குக் கீழே ஓர் இலைகூடத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக மூடியிருந்தோம்.