மிஸ்னாடியின் நூற்று இருபத்து நான்கு வாட்

இஜென் எரிமலைப் பள்ளத்தின் அடியிலிருந்து கந்தகக் கட்டிகளை விளிம்புக்குச் சுமந்து ஏற்றுவதில் காங் மிஸ்னாடிக்கு முப்பது வருடம். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், அதனால் எனக்குக் காங், அண்ணன் முறை. மூங்கில் காவடி அழுத்தி அழுத்தி எங்கள் எல்லோர் தோளிலும் சதை முண்டு கட்டியிருக்கும். அவருடையது எலுமிச்சை அளவு. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். போன மழைக்காலத்திலிருந்து இருமினால் எச்சிலில் ரத்தம் வந்தது. அதைச் செருப்பால் மண்ணில் தேய்த்து மறைப்பார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் மறைப்பார்.

இந்த நேரத்தில்தான் குத்தகைக்காரர் புது விதி கொண்டுவந்தார். முழங்கால் உயர மரப்பெட்டியில் ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். உடல் எடை, பெட்டியின் உயரம், ஏறிய தடவை எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஆளுடைய திறன் இத்தனை வாட் என்று வருமாம். எண்பதுக்குக் கீழே வந்தவன் இனி சுமை தூக்கக் கூடாது.

சோதனைக்கு முந்தின நாள் மிஸ்னாடியின் மனைவி பைன்டென் என் வீட்டுக்கு வந்தார். அக்கா முறை என்பதால் எனக்கு அவர் யூ.

"அவரு நாளைக்குத் தோத்துடணும் தம்பி. நான் சொன்னா கேக்க மாட்டாரு, அந்தப் பொட்டி சொன்னா கேப்பாரு. மருமகன் காப்பித் தோட்டத்துல களை எடுக்கக் கூப்புடுறான். நீ மட்டும் வாயத் தெறக்காம நில்லு."

"நான் ஏன் யூ தெறக்கப் போறேன்?"

"உன் வாய் எனக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலை நர்ஸ் ரெத்னோ, டிக் டிக்கென்று அடிக்கும் ஒரு கருவியை மேசையில் வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும், நிமிடத்துக்கு முப்பது. நான் குதித்துக் குதித்துத் தேறிவிட்டேன். அடுத்து மிஸ்னாடி.

மலையில் எங்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான். முன்னால் போகிறவன் அவசரப்பட்டால் பின்னால் வருகிறவன் "அலோன்" என்பான். மெல்ல என்று அர்த்தம். அவசரப்பட்டவன் சறுக்குவான், பள்ளம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வார்த்தை முப்பது வருடமாக அவர் காலில் ஊறியிருந்தது. கருவி இரண்டு தடவை அடித்தால் அவர் ஒரு தடவைதான் ஏறினார். தோளில் சுமையும் இல்லை. இல்லாத காவடிக்காக வலது தோள் தானாக உயர, உடம்பு சாய்ந்து, இரண்டு முறை தடுமாறினார்.

"அம்பத்தொண்ணு," என்றாள் நர்ஸ்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. யூவின் முகம் நினைவுக்கு வந்தது.

மேஸ்திரி கஸிமான் சிரித்தான். "மாட்டுக் கொட்டாய்ல எரியுற பல்பே அறுபது வாட்டுய்யா. இவரு அதுக்கும் கீழ." சுற்றி நின்றவர்களில் சிலரும் சிரித்தார்கள். மிஸ்னாடி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"வெறுந்தோளோட எந்தச் சுமைக்காரன்டா மலையேறுறான்?" என்றேன். ஓரத்தில் இருந்த எழுபத்தைந்து கிலோ கந்தகக் காவடியைத் தூக்கி அவர் தோளில் வைத்தேன். "இப்ப அளங்க நர்சம்மா."

அதே மெதுநடைதான். ஆனால் தோள் நேரானது, கால் தடுமாறவில்லை. மூங்கில் கிறீச் கிறீச்சென்றது. ஐந்து நிமிடம் முடியும்வரை அவர் இருமவே இல்லை, எப்படி அடக்கினாரோ. நர்ஸ் சுமையையும் எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டாள்.

"நூத்தி இருவத்தி நாலு. இன்னிக்கு யாருக்கும் இவ்வளவு வரல."

கூட்டம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டான். மிஸ்னாடி காவடியை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கிருந்து இருமல் சத்தம் வந்தபோதுதான் நான் கைதட்டுவதை நிறுத்தினேன்.

சாயங்காலம் யூவிடம் சொல்ல நானே போனேன். சமையற்கட்டில் சோளச்சோறு கிளறிக்கொண்டிருந்தார். பெட்டி, பல்பு, நூற்று இருபத்து நான்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். காவடி எப்படித் தோளுக்கு வந்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"காவடிய அவரு தோள்ல ஏத்தி விட்டது யாரு?"

"நான்தான் யூ," என்றேன்.